வாயிலில் நிற்கும் பிள்ளை



கோடை விடுமுறை முடிவதற்கு முன்னரே நம் செகந்திராபாத் நகரின் பள்ளிக்கூட வாயில்களில் பெற்றோர் கூடத் தொடங்கிவிடுகின்றனர். ஒருவர் கையில் பிறப்புச் சான்று இருக்கிறது. மற்றொருவர் கையில் பழைய பள்ளியின் மாற்றுச் சான்று இருக்கிறது. எல்லாருடைய நெஞ்சிலும் ஓர் ஏக்கம் இருக்கிறது. அக்கூட்டத்தின் கடைசியில், சற்றே விலகி, ஒரு தாய் நிற்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். ஆறு வயது நிரம்பிய தன் பிள்ளையின் கையை அவள் இறுகப் பற்றியிருப்பாள். அப்பிள்ளை இன்னும் தெளிவாகப் பேசவில்லை. அல்லது ஓரிடத்தில் உட்காருவதில்லை. அல்லது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளுடைய முறை வந்ததும் அலுவலக அறையிலிருந்து வரும் விடை பெரும்பாலும் கடுமையானதன்று. மிகுந்த மரியாதையுடனேயே, "எங்களிடம் இதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லையம்மா, உங்கள் பிள்ளையின் நன்மைக்காகவே சொல்லுகிறோம், வேறிடம் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

'நன்மைக்காகவே' என்னும் அச்சொல்லைப் பற்றியே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். வெளிப்படையான கொடுமையை இன்னதென்று அடையாளங்கண்டு எதிர்ப்பது எளிது. நன்மையின் உடையை உடுத்துக்கொண்டு வரும் மறுப்பை எதிர்ப்பது அரிது. ஏனெனில் அதனைச் சொல்லுகிறவரே அது மறுப்பென்று அறிவதில்லை. யாமும் ஒருகாலத்தில் அவ்வாறு சொன்னவரே என்பதை இக்கட்டுரை முடியுமுன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேள்வி இதுதான்: ஒரு பிள்ளை பள்ளியின் வாயிலுக்கு வரும்போது அங்கே சோதிக்கப்படுவது எது? பிள்ளையின் தகுதியா? பள்ளியின் தகுதியா?

சட்டம் இதற்கு விடை சொல்லிவிட்டது. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியது. அச்சட்டத்திற்கு உட்பட்ட பள்ளி, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ பரீட்சித்துப் பொறுக்கியெடுத்தல் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் தண்டம் உண்டு. 2012இல் வந்த திருத்தம், உடற்குறையும் அறிவுக்குறையும் உடைய பிள்ளைகளைத் தனிப்பட்ட பாதுகாப்புக்கு உரியோர் வரிசையில் சேர்த்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே எண்ணியிருக்க, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளை எண்ணுகிறது. ஆட்டிசமும், எழுத்தும் எண்ணும் பிடிபடாத கற்றற்குறைபாடும் அவற்றுள் அடங்கும். நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத குறைபாடுடையதெனச் சான்று பெற்ற பிள்ளை, ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரையில், அண்டையிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கற்கலாம். அரசாங்கத்தின் பொருளுதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் இப்பிள்ளைகளை வேற்றுமை பாராட்டாது சேர்த்தல் வேண்டும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அத்தாய் ஏன் இன்னும் கடைசியில் நிற்கிறாள்? சட்டம் வாயிலின் தாழ்ப்பாளைத் திறக்கும். வாயிலுக்கு உள்ளே நிற்பவனுடைய மனத்தின் தாழ்ப்பாளைத் திறக்க அதனால் ஆகாது. அது தம்மத்தின் வேலை. ஆகையால் தம்மம் இதைப்பற்றி என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம்.

இராசகிருகத்தில் மகாபந்தகர், சூளபந்தகர் என்னும் உடன்பிறந்தார் இருவர் சங்கத்திலிருந்த கதை நம்மவர் பலரும் கேட்டதே. மூத்தவர் பேரறிவினர், அருகத நிலை எய்தியவர். இளையவரையும் அவரே துறவில் சேர்த்து, நான்கடியாலான ஒரு செய்யுளைப் பாடமாகக் கொடுத்தார். நான்கு மாதம் சென்றது. இரண்டாம் அடியைக் கற்கும்போது முதலடி மறந்துபோகும். மூன்றாம் அடி வரும்போது இரண்டாவது போய்விடும். தமையனார் தம்பியின் நிலையைக் கண்டு, இவனுக்கு இவ்வாழ்க்கை ஒவ்வாது என்று முடிவு செய்தார். மடத்தை விட்டு வெளியேறுமாறு சொன்னார். சீவகன் என்னும் மருத்துவன் சங்கத்தாரை விருந்துக்கு அழைத்தபோது, போகவேண்டியவர் எண்ணிக்கையில் தம்பியைச் சேர்க்காமலே விட்டுவிட்டார்.

மறுநாள் விடியலில் சூளபந்தகர் இல்லறத்திற்கே திரும்பிவிடுவதென்று புறப்பட்டார். அவர் வருமுன்னரே பகவன் வாயிலுக்குச் சென்று அங்கே உலாவிக்கொண்டிருந்தார் என்று கதை கூறுகிறது. அவரை அழைத்துச் சென்று உட்காரவைத்து, தூய வெண்டுணி ஒன்றைக் கையில் கொடுத்து, அழுக்கு நீங்குக என்னும் பொருளுடைய ஒரு சிறுசொல்லைச் சொல்லிக்கொண்டே அத்துணியைத் தேய்க்குமாறு பணித்தார். தேய்க்கத் தேய்க்க வெண்டுணி அழுக்கேறிற்று. கையிலிருந்த அப்பொருளைக் கொண்டே சூளபந்தகர் நிலையாமையைக் கண்டுகொண்டார், அன்றே அருகதராயினார். சீவகன் இல்லத்தில் பகவன் தம் பாத்திரத்தைக் கையால் மூடி, மடத்தில் இன்னும் பிக்கு உளரன்றோ என்று கேட்டார். எவருமில்லை என்றார் மகாபந்தகர். பின்னர்ச் சூளபந்தகர் அழைக்கப்பட்டார்; விருந்தின் முடிவில் நன்றியுரை கூறும் பணியையும் பகவன் அவருக்கே அளித்தார்.

இக்கதையை நாம் பெரும்பாலும் ஓர் அற்புதமாகவே சொல்லிவிடுகிறோம். அதில் மூன்று செய்திகள் இருக்கின்றன.

முதலாவது, மறுத்தவர் தீயவரல்லர். ஆசை, வெறுப்பு, மயக்கம் என்னும் மூன்றையும் அறுத்த ஒருவரே தம்பியின் நன்மை கருதி மறுத்தார். எனவே, நல்லெண்ணம் இருந்தால் மட்டும் போதாது. நல்லவனும் தவறாக அளக்கக்கூடும். இரண்டாவது, தோற்றது மாணாக்கனன்று, பாடம். செவி வழியாக நான்கடி புகாத ஓர் உள்ளத்தில் கை வழியாக ஓர் உண்மை புகுந்தது. ஆசான் மாற்றியது மாணாக்கனையன்று, கற்பிக்கும் வழியை. இன்று சிறப்பாசிரியர் செய்வதும் அதுவே. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே கல்வித் திட்டம் வகுக்கிறார்கள். சட்டைக்குப் பொத்தான் போடுவதைக்கூடப் பல சிறு படிகளாகப் பிரித்து, ஒரு படி கைவந்த பின்னரே அடுத்த படிக்குப் போகிறார்கள். மூன்றாவது செய்தியே நமக்கு மிகவும் வேண்டியது. பகவன் அவருக்கு ஆளனுப்பவில்லை. தாமே வாயிலுக்கு நடந்தார்.

இங்கே சிலர் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வருவார்கள். அது கன்மம் என்னும் சொல். அப்பிள்ளை அவ்வாறு பிறந்தது முன்வினைப் பயன். அதில் நாம் தலையிட என்ன இருக்கிறது என்பார்கள். நம் வீட்டுத் திண்ணைகளிலும் இப்பேச்சைக் கேட்டிருக்கிறோம். பெற்ற தாயே தன்னை நொந்துகொண்டு அவ்வாறு சொல்லக் கேட்டதும் உண்டு. மோளிய சிவகர் என்னும் பரிவிராசகர் இராசகிருகத்தில் பகவனிடம் வந்து, மனிதன் அடையும் இன்ப துன்பமெல்லாம் முன்செய்த வினையால் வருவனவே என்று சிலர் கூறுவது சரியோ என்று கேட்டார். சரியன்று என்பதே பகவனுடைய விடை. பித்தம், கபம், வாதம், இம்மூன்றன் கலப்பு, பருவ மாறுதல், கவனக்குறைவான நடை, வெளியிலிருந்து வந்த தாக்குதல் என்று பல காரணங்களை அவர் எடுத்துக் கூறினார். வினைப்பயனையும் கடைசியில் ஒன்றாக வைத்தார். அவை எல்லாவற்றையும் வினையின் தலையிலேயே ஏற்றுபவர் உலகம் கண்ணாற் கண்ட உண்மையையும் கடந்து பேசுகிறார் என்பதே அவர் கருத்து.

இன்றைய மருத்துவமும் அக்காரணங்களைத் தேடியே சென்றிருக்கிறது. டவுன் நோய்க்குறி என்னும் நிலையுடைய பிள்ளைக்கு இருபத்தொன்றாவது குரோமோசோம் இரண்டாக இல்லாமல் மூன்றாக இருப்பதே காரணமென 1959இல் வெளியாயிற்று. கருவுற்ற தாயின் உணவில் அயோடின் குறைந்தால் சிசுவின் மூளை வளர்ச்சி குன்றும். அயோடின் சேர்த்த உப்பு அதனைத் தடுக்கும். பிரசவத்தின்போது மூச்சுத் திணறிய குழந்தைக்கும் இவ்வாறு நேரலாம். உப்பிலும் பிரசவ அறையிலும் தீர்க்கக்கூடிய ஒன்றை முற்பிறப்பின்மேற் சுமத்துவது, சோம்பலுக்குத் தம்மத்தின் பெயரிடுவதாகும்.

இன்னும் ஒன்று. சூளபந்தகர் மந்தமாக இருந்ததற்கும் நம் உரைநூல் ஒரு முற்பிறப்புக் காரணம் கூறுகிறது. முன்னொரு காலத்தில் மந்தபுத்தியுடைய ஒருவரைக் கண்டு அவர் நகைத்தாராம். கன்மக் கதையை நம்புகிறவரும் இதைக் கவனிக்கட்டும்: அக்கதை குற்றஞ்சாட்டுவது கற்க இயலாதவனையன்று, அவனைப் பார்த்து நகைத்தவனை.

நேர்மையுடையோர் வேறொரு தடையும் எழுப்பலாம். அதனை நாம் மறைத்தல் தகாது. விநயபிடகத்தின் மகாவக்கத்தில், சில நோயுடையாருக்கும், கண்ணில்லார், செவி கேளார், கால் முடமானார் முதலியோருக்கும் துறவு அளித்தல் கூடாதென்னும் விதிகள் காணப்படுகின்றனவே. சங்கமே வாயிலை அடைத்திருக்கும்போது பள்ளியை மட்டும் குறைகூறுவது எவ்வாறு என்று அவர் கேட்பர். விதிகள் உண்மையே. நோயுற்றோர் பலர் சீவகனிடம் மருத்துவம் பெறுவதற்காகவே துறவு பூண்டு, நோய் தீர்ந்ததும் வெளியேறிய நிகழ்ச்சியொன்று அந்நூலிலேயே நோய் பற்றிய விதிக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஏனைய விதிகளைப் படிக்கும்போது எம் நெஞ்சு உறுத்துகிறது என்பதையும் ஒளிக்கவில்லை. எனினும் ஒன்று தெளிவு. துறவு என்பது நாடோறும் நடந்து பிச்சை ஏற்று வாழும் ஒரு கடுநெறியை ஒருவர் தாமே விரும்பி மேற்கொள்வது. கல்வி அத்தகையதன்று. ஆறு வயதுப் பிள்ளை எந்த விரதத்தையும் ஏற்க வரவில்லை. கல்வி அதற்குச் சோறு போன்றது. சோற்றுக்குத் தகுதி கேட்பாரில்லை.

சோறு என்றவுடன் நம் மணிமேகலையின் ஆபுத்திரன் நினைவுக்கு வருகிறான். பெற்றவள் கைவிட்ட பிள்ளை அவன். பிறப்பிழிந்தவனென்று ஊரார் துரத்தினர். அவனது பிச்சைப் பாத்திரத்தில் கல்லையிட்டனர். மதுரையை அடைந்து, கலைத்தெய்வமாகிய சிந்தாதேவியின் கோயில் முன்றிலில் தங்கிய அவன், பிச்சையெடுத்து வந்த சோற்றைக் கண்ணிழந்தோர், செவி கேளாதோர், காலிழந்தோர், ஆதரவற்றோர், நோயுற்றோர் ஆகியவர்களை அழைத்து முதலில் ஊட்டி, எஞ்சியதையே தான் உண்டான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதன் பின்னரே. வாயில்தோறும் துரத்தப்பட்டவன் தனக்கென்று ஒரு வாயில் கிடைத்தபோது அதனை யாருக்குத் திறந்தான் என்பதைச் சாத்தனார் அங்கே காட்டியிருக்கிறார்.

நம்முடைய சரித்திரமும் அதுவேயல்லவா? நம் முன்னோரின் பிள்ளைகள் பள்ளித் திண்ணையில் ஏறவும் விடப்படாத காலத்தில், கர்னல் ஆல்காட் 1894இல் சென்னையில் அவர்களுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பண்டித அயோத்திதாசர் 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்று வந்து, நம் பிள்ளைகளின் கல்விக்கும் பாடுபட்டார். நம் ஐதராபாத்தில் பாக்கியரெட்டி வர்மா (1888–1939) ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிகள் பல நடத்தினார். அக்காலத்திலும் நம்மை மறுத்தவர்கள் நன்மை பேசியே மறுத்தனர். இவர்களுக்குப் படிப்பு ஏறாது, ஏறாத படிப்பைப் புகட்டுவது இவர்களுக்கே துன்பம் என்றனர். அன்று நம் பிறப்பைக் காட்டிச் சொன்ன அதே வாக்கியம், இன்று இப்பிள்ளைகளின் மூளையைக் காட்டிச் சொல்லப்படுகிறது. சொல்லுகிறவர் கூட்டத்தில் நாமும் நிற்கிறோமா என்பதே நாம் அஞ்சவேண்டிய கேள்வி.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சேர்க்கப்படாதவரல்லர், சேர்க்கப்பட்டவர். ஆயினும் வகுப்பின் மூலையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிச்சாக்கின்மேல் தனியே உட்கார்ந்தார். பியூன் இல்லாத நாளில் அவருக்குக் குடிக்கத் தண்ணீரும் இல்லை. பதிவேட்டில் பெயர் எழுதப்படுவது மட்டும் சேர்க்கையாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? இன்று ஒரு பிள்ளையைச் சட்டத்திற்குப் பயந்து சேர்த்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, ஆண்டு முழுவதும் ஒரு கேள்வியும் கேட்காமல் அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடும் பள்ளிகள் உண்டு. அந்தக் கடைசி பெஞ்சும் ஒரு கோணிச்சாக்கே.

இனி, ஆசிரியரும் ஏனைய பெற்றோரும் கூறும் தடைகளைப் பார்ப்போம். அவை எல்லாம் பொய்யல்ல. ஆகையால் அவற்றுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒரு பிள்ளைக்காக நாற்பது பிள்ளைகளின் படிப்புக் கெடலாமா என்பது முதல் தடை. ஐம்பது பேருக்கு ஓர் ஆசிரியர் நிற்கும் வகுப்பில் படிப்பு முன்னரே கெட்டுத்தான் இருக்கிறது. கரும்பலகை தெரியாத பிள்ளையும், பசியோடு வந்த பிள்ளையும், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளையும் அங்கே ஏற்கெனவே பின்தங்கி நிற்கின்றனர். கடைசியாக வந்தவன் அக்குறையை உண்டாக்கவில்லை; வெளிப்படுத்தினான். அவனுக்காக ஆசிரியர் மெல்லப் பேசவும், படம் வரைந்து காட்டவும், பொருளைக் கையில் கொடுத்து விளக்கவும் கற்பாராயின், அதனால் பயன்பெறுவோர் பலர்.

பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை என்பது இரண்டாவது தடை. இது பெரும்பாலும் மெய். சாதாரண ஆசிரியர் ஒருவர் தலையில் எல்லாவற்றையும் சுமத்திவிட்டு ஒதுங்குவது அவருக்குச் செய்யும் அநீதி, பிள்ளைக்கும் அநீதி. இதனாலேயே 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் பதின்மருக்கு ஒரு சிறப்பாசிரியரும், மேல்வகுப்புகளில் பதினைவருக்கு ஒருவரும் வேண்டுமெனக் கூறியது. ஆசிரியர் இல்லையெனில் ஆசிரியரைக் கேட்டுப் பெறவேண்டும். மருத்துவர் இல்லாத ஊரில் மருத்துவரை வரவழைக்க முயல்வார்களேயன்றி, நோயாளிகளை ஊரைவிட்டு அனுப்பமாட்டார்கள்.

இவர்களுக்கென்றே தனிப்பள்ளிகள் இருக்கின்றனவே என்பது மூன்றாவது தடை. இருக்கின்றன, அவை வேண்டும். நம் செகந்திராபாத்தின் மனோவிகாஸ் நகரிலேயே 1984இல் மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம் நிறுவப்பட்டது. இப்போது அது அறிவுசார் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் என்று பெயர் பெற்றிருக்கிறது. பிள்ளைகளைச் சோதித்து வழிகாட்டுதல், சிறப்பாசிரியர்களைப் பயிற்றுதல், சிறப்புக் கல்வி நிலையம் நடத்துதல் ஆகிய பணிகளை அது செய்துவருகிறது. செவி கேளாத பிள்ளைக்குக் கைமொழி பேசும் தோழர் கூட்டம் தேவை. அது தனிப்பள்ளியிலேயே எளிதிற் கிடைக்கக்கூடும். ஆகவே தனிப்பள்ளியா பொதுப்பள்ளியா என்பதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விடை கிடையாது. ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருடையது என்பதில் ஒரே விடைதான் உண்டு. தாய் தன் பிள்ளைக்கு ஆராய்ந்து தேர்ந்த வழி ஒன்று. வாயிற்காவலன் கைகாட்டிய வழி வேறு. இரண்டும் ஒரே கட்டடத்தில் சென்று முடிந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

குறை என்பது எங்கே இருக்கிறதென்று யாம் கற்றது நூல்களிலன்று, ஆலையில். துறவியருக்குத் தொண்டு செய்யவும் தம்மம் பேசவும் வருமுன் இருபது ஆண்டுக்கு மேல் ஒரு பஞ்சாலையின் தறிக்கூடத்தில் வேலை செய்தோம். நூற்றுக்கணக்கான தறிகள் ஒருங்கே ஓடும்போது எழும் ஓசையில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேளாது. ஆகவே அங்கே எல்லாரும் கைச்சாடையாலும் உதட்டசைவாலுமே பேசுவோம். எங்களோடு பிறவியிலேயே செவி கேளாத தோழர் ஒருவர் இருந்தார். கூடத்திற்குள் அவருக்கு ஒரு குறையும் இல்லை. சாடை பேசுவதில் அவரே எங்களுக்கு வாத்தியார். இழை அறுந்ததை எங்களினும் முன்னதாகக் கண்டு தறியை நிறுத்துவார். மாலையில் சங்கு ஊதி, வாயிலைக் கடந்து தெருவுக்கு வந்ததும் அவர் செவிடராகிவிடுவார். தேநீர்க் கடையில் அவரைப் பரிகசிப்பார்கள். ஒரே மனிதர், ஒரே செவி. உள்ளே குறையில்லாதது வெளியே குறையாயிற்று. அப்படியானால் குறையின் ஒரு பாதியாவது செவியில் இல்லை. இடத்தின் ஏற்பாட்டில் இருந்தது. சார்ந்து தோன்றுவதே எல்லாம் என்று பகவன் காட்டிய உண்மையை யாம் முதன்முதலில் அங்கேதான் கண்டோம். அதற்குப் பெயர் அப்போது தெரியாது.

இவ்வளவும் அறிந்திருந்தும் யாம் செய்ததை இனிக் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எம் சங்கத்தின் கூடத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தம்ம வகுப்பு நடத்திவந்தோம். ஒரு தாய் ஒன்பது வயதுச் சிறுவனை அழைத்துவந்தாள். அவன் அமைதியாக உட்காரவில்லை, தியானம் செய்யும் நேரத்தில் உரக்கக் கத்தினான், விளக்கை அணைத்துவிட்டான். இரண்டு வாரம் பொறுத்தோம். மூன்றாம் வாரம் அவளைத் தனியே அழைத்து, மிகுந்த இரக்கத்துடன், "அம்மா, இவனுக்கென்றே மனோவிகாஸ் நகரில் நல்ல இடம் இருக்கிறதே, அங்கே அழைத்துப்போவதுதான் பிள்ளைக்கு நன்மை" என்று சொன்னோம்.

அவள் கோபிக்கவில்லை. "அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறோம், ஐயா. அங்கே அவனுக்குப் பேச்சுப் பழக்குகிறார்கள். தானே சாப்பிடப் பழக்கியிருக்கிறார்கள். இங்கே அழைத்துவந்தது படிப்புக்காக இல்லை. நம் தெருப் பிள்ளைகள் ஒரு நாளாவது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும் என்றுதான்" என்றாள். பிறகு அவனுடைய செருப்பை மாட்டிவிட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் யாம் பேசவேண்டியிருந்த பொருள் சூளபந்தகர் சரிதம். இருபது முறையாவது பேசியிருப்போம். அன்று, பகவன் வாயிலில் உலாவிக்கொண்டிருந்தார் என்னும் இடத்திற்கு வந்தபோது எம்மால் மேலே பேச முடியவில்லை. அதுவரையில் அக்கதையில் எம்மைப் பகவனுடைய மாணாக்கராகவே எண்ணியிருந்தோம். அன்றுதான் மகாபந்தகரின் இடத்தில் நிற்கிறோம் என்று அறிந்தோம். அதுவும் அவருடைய அருகத நிலை இல்லாமல்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். அவன் திரும்பி வந்தான். அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. அவன் ஒரு செய்யுளும் மனப்பாடம் செய்யவில்லை. இன்றும் சில நாள் கத்துவான். ஆனால் வகுப்பு தொடங்குமுன் பாய்களை விரிப்பது அவன் வேலை. ஒரு பாய் கோணலாக இருந்தாலும் பொறுக்கமாட்டான். நேராக்கிய பின்னரே உட்காருவான். பெருஞ்சத்தம் அவனைத் துன்புறுத்துகிறது என்று கண்டுகொண்ட பிள்ளைகள், யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்டனர். எங்கள் வகுப்பில் அமைதி வந்தது அவனை நீக்கியதாலன்று, அவன் வந்ததால். அவனைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள்.

ஆகவே, அன்பர்களே, இவ்வாண்டுச் சேர்க்கைக் காலத்தில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. நம் தெருவில் இத்தகைய பிள்ளை இருப்பின், தாயைத் தனியே அனுப்பாமல் நம்மில் ஒருவர் உடன் செல்லவேண்டும். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்கவேண்டும். மறுப்பதானால் அதனையும் எழுத்திலேயே கேட்கவேண்டும். வாயாற் சொல்ல எளிதாயிருக்கும் மறுப்பு, எழுதவேண்டிவரும்போது பலருக்குக் கைநடுக்கம் தருகிறது. அதன்பின்னும் மறுத்தால் மண்டலக் கல்வி அதிகாரியிடமும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிடலாம். குறைபாட்டுச் சான்றும் அடையாள அட்டையும் பெறுவதற்கு எழுதப் படிக்கத் தெரிந்த நம் இளைஞர்கள் உதவவேண்டும். நம் தெலங்கானாவில் இப்பிள்ளைகளுக்கென 'பவிதா' மையங்கள் இருப்பதையும் பெற்றோருக்குத் தெரிவிக்கவேண்டும். எல்லாவற்றிற்கும் முன்பாக, நம் சொந்தக் கூடங்களின் வாயில்களைச் சோதித்துக்கொள்ளவேண்டும். அங்கே நுழைய முடியாத பிள்ளைக்காகப் பள்ளிக்கூடத்தாரிடம் வாதாட நமக்கு வாயில்லை.

சேர்க்கையின் நாளில் சோதிக்கப்படுவது பள்ளியே, பிள்ளையன்று. அச்சோதனையில் பள்ளி தேறுவதற்கு நாம் துணைசெய்ய வேண்டும்; அதற்கு ஆசிரியரும், பொருளும், பொறுமையும் வேண்டும். ஆனால் அவையெல்லாம் வரும்வரையில் பிள்ளை வெளியே காத்திருக்கட்டும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆறு வயது ஒருமுறைதான் வருகிறது.

விடியற்காலையில் பகவன் வாயிலுக்கு நடந்து சென்றதை நினைவிற் கொள்வோம். அங்கே ஒருவர் வெளியேறிக்கொண்டிருந்தார். இங்கே ஒரு பிள்ளை உள்ளே வரக் காத்துநிற்கிறது. நாம் நடக்கவேண்டிய தூரம் அதிகமில்லை.